மீட்டர் காட்டாத பூஜ்யம்

போன மாதம் ஒரு மத்தியானம் நிவேதா போன் செய்தாள். கும்மிடிப்பூண்டியில் நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த வயர்லெஸ் கம்பெனியில், எனக்குப் பிறகு சோதனைப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவள் அவள்.

“அக்கா, டெஸ்ட் லிஸ்ட்ல ஒன்பதாம் படின்னு ஒண்ணு கீதே, அத்த எடுத்துடலாம்னு மேல சொல்றாங்க. இப்ப வர்ற சிப்பு எல்லாம் அதுவே பாத்துக்குது. ஆனா ஒரு டவுட்டு. மத்த படிக்கெல்லாம் டிக் அடிச்சா போதும், இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு டெஸ்ட் பண்றவங்க முழுப் பேரு எழுதணும்? யாரக் கேட்டாலும் தெர்லன்றாங்க.”

“எடுத்துடும்மா, இப்ப அதுக்கு வேலை இல்ல,” என்றேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டு, “கொஞ்சம் இரு, எழுதித் தர்றேன்,” என்றேன். ஒன்றரைப் பக்கத்தில் முடியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுத எழுத எனக்கே சில இடங்கள் புரியாமல் போகின்றன. அதையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ, அதில் இரண்டு பேப்பர் அரியர். வீடு வேப்பம்பட்டில். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. முதல் மூன்று வருஷம் வெறுமனே செட்டை மூடும் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் சேஷய்யா சார் என்னைச் சோதனை பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டார்.

சேஷய்யா சார் தரப் பிரிவுக்கு மேனேஜர். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லையில் இருந்து வருபவர். ஆண், பெண், எந்திரம் எல்லாமே அவருக்கு ‘நைனா’தான். பாராட்டினாலும் நைனா, மெமோ கொடுத்தாலும் நைனா. குரல் ஏறாது, இறங்காது. அவர் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று அவர் ஓய்வு பெறும் வரை எங்கள் யாருக்கும் தெரியாது. வீட்டிலாவது தெரிந்திருக்குமா என்று எங்களுக்குள் சந்தேகம்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த ரிப்போர்ட்டையும் அவர் கையில் வாங்கிப் படிக்க மாட்டார். எழுதியவரே எதிரில் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மேஜையில் பென்சில் கிடக்கும். படித்து முடித்ததும் கண்ணைத் திறக்காமலே, “இப்ப நீ படிச்சத நீ நம்புறியா நைனா?” என்பார். நம்புகிறேன் என்றால் பென்சிலில் ஒரு கோடு. கொஞ்சம் தயங்கினாலும், “போய் எழுதிக்கினு வா.” நான் ஒரே ரிப்போர்ட்டை ஏழு தடவை எழுதிய நாள் உண்டு. முதலில் எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. சொந்த எழுத்தைச் சொந்தக் காதால் கேட்பது எவ்வளவு பேஜாரான காரியம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

இனி அந்த ஒன்பதாம் படி.

கையில் பிடித்துப் பேசும் வயர்லெஸ் செட்டைத் திறந்தால், உள்ளே எல்லா இடத்திலும் ஒரே அளவு மின்சாரம் ஓடுவதாக நினைக்காதீர்கள். பேச்சைப் பெருக்கி வெளியே அனுப்பும் பக்கத்துக்கு ஐந்து வோல்ட் வேண்டும். மூளையாக இருக்கும் சிப்புக்கு மூன்று வோல்ட்டும் கொஞ்சமும் போதும், ஐந்து கொடுத்தால் செத்துவிடும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். அதற்காக நடுவில் ‘பஃபர்’ என்று ஓர் அரிசி அளவு சிப் இருக்கும். ஐந்தின் பேச்சை மூன்றுக்கு ஏற்ற மாதிரி குறைத்துச் சொல்வது அதன் வேலை.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. செட்டை அணைத்ததும் மூன்று வோல்ட் பக்கம் முழுதாக அடங்க வேண்டும். சார்ஜர் மாட்டினால் தெரிய வேண்டும் என்பதற்காக ஐந்து வோல்ட் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் விழித்திருக்கும். அப்போது பஃபர் வழியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் பேச்சு போகிற கம்பி வழியாகவே மின்சாரம் அந்தப் பக்கம் கசியும். எங்கள் தெருவில் இரண்டு போர்ஷன் வீடு ஒன்றில், கரண்டு போனால் முன் போர்ஷன் மின்விசிறி மட்டும் ஊர்ந்து ஊர்ந்து சுற்றும். பின் போர்ஷன்காரரின் இன்வெர்ட்டர் ஏதோ ஒரு தப்பான ஒயர் வழியாக இங்கே எட்டிப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. செட்டுக்குள்ளும் அதே கதைதான். மூளை தூங்கவும் தூங்காது, சரியாக விழிக்கவும் விழிக்காது.

இதைப் பிடிக்கத்தான் ஒன்பதாம் படி. செட்டை ஜிக்கில் உட்கார வைப்போம். ஜிக் என்பது செட்டுக்கு அளவாகப் பள்ளம் வெட்டிய சோதனைப் பலகை. கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைச் செட்டில் செருகி, மூளைக்குள் புரோகிராம் ஏற்றுவோம். எட்டாம் படி வரை கேபிள் மாட்டியே இருக்கும். ஒன்பதில் கேபிளைக் கழற்ற வேண்டும். செட்டை அணைக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை மூன்று வோல்ட் பக்கத்துப் புள்ளியில் வைத்து, எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். பத்து, பதினைந்து விநாடி ஆகும். ‘0’ என்று எழுத வேண்டும். பிறகு செட்டைப் போட்டுப் பேசிப் பார்த்து, மறுபடி கேபிளைச் செருகி சீரியல் எண்ணை ஏற்ற வேண்டும். கழற்ற, காத்திருக்க, செருக எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு முக்கால் நிமிஷம்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். பெரியபாளையத்தில் அம்மனுக்குக் கூட்டம். சாலை இரண்டு பக்கமும் வேன்கள், பொங்கல் அடுப்புகள், வேப்பிலை கட்டிக்கொண்டு நடப்பவர்கள். எங்கள் கம்பெனி பஸ் தினமும் நாற்பது, ஐம்பது நிமிஷம் லேட். பஸ் லேட்டானால் சம்பளம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் அன்று சோதிக்க வேண்டிய அறுபது செட் அறுபதாகவே இருக்கும். அம்மனைக் குறை சொல்ல முடியுமா? முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டாம் நாள் ஒன்பதாம் படியில் கேபிளைக் கழற்றாமலே செட்டை அணைத்து மீட்டரை வைத்தேன். இரண்டு வோல்ட் காட்டியது. கேபிள் மாட்டியிருக்கிறது, அதிலிருந்து வருகிறது, செட்டின் குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ‘0’ என்று எழுதினேன்.

நான்காம் நாள் மீட்டரை வைப்பதையே விட்டுவிட்டேன். எப்படியும் இரண்டுதான் காட்டப்போகிறது, எப்படியும் பூஜ்யம்தான் எழுதப்போகிறேன், நடுவில் அது எதற்கு? அறுபது செட்டுக்கு முக்கால் முக்கால் நிமிஷமாக, பெரியபாளையம் தின்ற நேரம் அப்படியே திரும்பி வந்தது. ஆடி முடிந்தது. பஸ் நேரத்துக்கு வந்தது. நான் பழையபடி மாறவில்லை. ஒரு நாள் கூட எண்ணிக்கை குறையாத பெஞ்ச் என்று என் பெஞ்சுக்குப் பெயர் வந்திருந்தது. சோதனைப் பிரிவின் பொறுப்பு எனக்குத்தான் என்று பேச்சும் அடிபட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

ஐப்பசியில் இருபத்திரண்டு செட்டுகள் திரும்பி வந்தன. கிரேன் ஓட்டுபவர்களுக்கு விற்ற செட்டுகள். புகார் கடிதம் விசித்திரமாக இருந்தது. அணைத்து வைத்தாலும் பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. அணைத்துவிட்டுப் போட்டால் விளக்கு எரிகிறது, ‘பீப்’ வருகிறது, ஆனால் பேசினால் குரல் போவதில்லை. கீழே நிற்பவர் நிறுத்தச் சொல்லிக் கத்தியும் மேலே இருப்பவருக்கு எட்டாமல், ஒரு முறை இரும்புச் சுருள் ஒன்று சுவரில் மோதியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை.

பெட்டியைப் பிரித்தேன். ஒன்பது செட்டுகள் ஒரேயடியாகச் செத்திருந்தன. பதின்மூன்று செட்டுகள் அருமையாக வேலை செய்தன. அணைத்தேன், போட்டேன், பேசினேன், கேட்டேன். ஒரு குறையும் இல்லை. நாலு நாள் இதையே செய்துகொண்டிருந்தேன். அங்கே ஊமையாக இருந்தது இங்கே எப்படிப் பேசுகிறது? எனக்குத் தலை சுற்றியது. பேட்டரிகளைத் தனியாகக் கழற்றிப் பெட்டியில் அனுப்பியிருந்தார்கள் என்பதும், வழியில் கசிவு நின்று மூளைகள் நன்றாக அடங்கி வந்திருந்தன என்பதும், அதோடு நான் கேபிளை மாட்டியே எல்லாவற்றையும் சோதித்தேன் என்பதும் அப்போது என் கண்ணில் படவில்லை.

செத்த ஒன்பது செட்டுகளிலும், மூளைச் சிப்பைப் பலகையோடு இணைக்கும் கால்களில் ஒன்று மீட்டரில் ஷார்ட் காட்டியது. எங்கள் தொழிலில் அதைப் பார்த்தாலே ஒரு வார்த்தைதான் நாக்கில் வரும்: ஸ்டேட்டிக். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் விரல் வழியாக இறங்கினால் சிப் செத்துப்போகும். அதற்குத்தான் சோல்டரிங் செய்பவர்கள் மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு, அதன் ஒயரை மேஜையில் மாட்டிக்கொள்வார்கள்.

அந்தச் சிப்புகளைக் கையால் சோல்டர் செய்தது ஸ்டெல்லா.

ஸ்டெல்லா ஏளாவூர்ப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் கம்பெனி பேட்ஜ் மாட்டிய முதல் ஆள் அவள். ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் இருந்தாள். பொங்கலுக்கு முன்னால் வரும் பர்மனென்ட் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. பர்மனென்ட் ஆனால்தான் மகனுக்கு இருதயத்தில் இருந்த ஓட்டைக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸில் ஆபரேஷன் செய்ய முடியும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய சோல்டரிங்கைப் பார்த்தால் எந்திரம் போட்டதோ என்று தோன்றும். ஆனால் உலோகம் அவள் தோலுக்கு ஆகாது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும். ஸ்ட்ராப்பின் பக்கிள் பட்டால் மணிக்கட்டு கொப்புளிக்கும். அதனால் சூப்பர்வைசர் வரும்போது மட்டும் கட்டிக்கொள்வாள்.

எனக்கு அது தெரியும். எழுதினேன். ஒன்பது செட் ஸ்டேட்டிக்கால் சேதம், சோல்டரிங் மேஜையில் ஸ்ட்ராப் ஒழுங்காகக் கட்டப்படவில்லை. மீதி பதின்மூன்றில் குறை எதுவும் இல்லை. பொய் என்று தெரிந்து எழுதவில்லை. குழப்பத்தில் இருப்பவருக்குக் கையில் கிடைக்கும் முதல் காரணம் கயிறு மாதிரி, பிடித்துக்கொண்டால் விட மனசு வராது.

சேஷய்யா சார் ஸ்டெல்லாவையும் அறைக்கு வரச் சொல்லிவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவள் சுவரோரம் நின்றாள். சார் கண்ணைத் திறக்கவில்லை.

“இப்ப நீ படிச்சத நீ நம்புறியா நைனா?”

“நம்புறேன் சார்.”

“ஸ்டெல்லா நைனா, நீ இன்னா சொல்ற?”

ஏதாவது மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். “அக்கா சொல்றது நெசந்தான் சார். நான் ஸ்ட்ராப்பு கட்டல. கை எரிச்சல் தாங்கல, கயட்டி வச்சிட்டேன். அதுனால செட்டு சாவும்னு தெரிஞ்சும்தான் வச்சேன்.” அப்புறம் மெதுவாக, “அந்தக் கிரேன்ல யாருக்கும் ஒண்ணும் ஆவலியே சார்?” என்று கேட்டாள்.

சார் பென்சிலால் ஒரு கோடு போட்டார். லிஸ்டிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. மறுநாளிலிருந்து அவளுக்குப் பேக்கிங்கில் வேலை.

ஒரு வாரம் கழித்து, காலை நாஷ்டா நேரம். பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். அந்தப் பதின்மூன்றில் ஒரு செட் ஜிக்கில் கிடந்தது. பேட்டரியின் எண்ணை எழுதிக்கொள்வதற்காக அதைக் கழற்றிக் கையில் எடுத்தேன். மறுகையில் ரவா உப்புமா டப்பா. டப்பாவின் விளிம்பு செட்டின் சேனல் மாற்றும் திருகில் இடித்தது. செட், ‘பீப்’ என்றது.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. பேட்டரி என் கையில் இருக்கிறது. செட் பேசுகிறது. மறுபடி திருகினேன். பீப். உப்புமாவை வைத்துவிட்டு, யாராவது விளையாடுகிறார்களா என்று மேஜைக்கு அடியில் கூடக் குனிந்து பார்த்தேன், அவ்வளவு புத்தி! பிறகுதான் கேபிளைப் பார்த்தேன். உருவினேன். செட் செத்தது. செருகினேன். உயிர் வந்தது. புரோகிராம் ஏற்றுகிற கம்பி வழியாகவே மூளைக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது, அணைத்தாலும் அது அரைத்தூக்கத்துக்குப் போகவே இல்லை. அப்படியானால் இத்தனை நாளாக நான் சோதித்தது செட்டையா, என் கேபிளையா?

கேபிளைத் தூரமாக வைத்தேன். பேட்டரி மாட்டி, செட்டைப் போட்டு, அணைத்து, மீட்டர் முனையை வைத்தேன். மாதக்கணக்குக்குப் பிறகு முதல் தடவையாக ஒன்பதாம் படியைச் செய்தேன். எண் இறங்கியது. மூன்று, இரண்டரை, இரண்டு, ஒன்றே முக்கால். அங்கேயே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் ஆகியும் அசையவில்லை. அலமாரியிலிருந்து ஆடிக்கு முந்திய பழைய செட் ஒன்றை எடுத்து வைத்தேன். பன்னிரண்டு விநாடியில் பூஜ்யம். இரண்டையும் திறந்து லென்ஸில் பார்த்தால் பஃபர்கள் வேறு வேறு. ஆவணியில் சரக்குத் தட்டுப்பாடு என்று வேறொரு கம்பெனியின் பஃபரை வாங்கியிருக்கிறார்கள். எல்லா வேலையும் செய்யும், அணைத்த பிறகு வழியை அடைக்கும் வேலையை மட்டும் செய்யாது. வாரக்கணக்கில் கசிந்த மின்சாரம்தான் மூளையின் காலை எரித்திருக்கிறது. எரிந்த கால், பஃபரோடு சேரும் அதே கால்.

செத்த ஒன்பதில் ஆறு செட்டுகளில் அப்படி. மற்ற மூன்றில் எரிந்தது வேறு கால். அது ஏன் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். மாற்றுப் பஃபர்தான் காரணம் என்று படமெல்லாம் போட்டு அழகாக எழுதினேன். ஸ்டெல்லாவைக் காப்பாற்றும் அவசரம் எனக்கு நிஜமாகவே இருந்தது. என்னைக் காப்பாற்றும் அவசரமும் இருந்தது. என் பூஜ்யங்களைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை.

சார் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். நம்புறியா என்று கேட்கவில்லை.

“ஒன்பதாம் படி சீட்டு இருக்குமே நைனா. எடுத்துக்கினு வா.”

கொண்டுவந்தேன்.

“படி.”

“எதை சார்?”

“எழுதினத.”

முதல் செட், பூஜ்யம் என்று தொடங்கினேன். இரண்டாவது செட், பூஜ்யம். மூன்றாவது, பூஜ்யம். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி. முதல் பக்கம் முடிந்ததும் நிறுத்தினேன். அவர் விரலால் மேஜையில் தட்டினார், மேலே படி என்று. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எல்லாம் என் கையெழுத்து. ஒரே சீராக, ஒரே மாதிரி உருண்டையாக. நிஜமாக மீட்டர் வைத்துப் பார்த்தவர் எழுதியிருந்தால் நடுவில் ஓர் இடத்திலாவது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று என்று இருந்திருக்கும். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் தாளை மேஜையில் வைத்துவிட்டேன்.

“நான் பாக்கல சார்,” என்றேன்.

கண்ணைத் திறந்தார். “பாக்காம எழுதினியா, பாத்துட்டு மாத்தி எழுதினியா?”

“முதல் ரெண்டு நாள் பாத்துட்டு மாத்தி எழுதினேன். அப்புறம் பாக்காமலே எழுதினேன்.”

“சரி நைனா. ரெண்டையும் எழுதிக்கினு வா.”

அவ்வளவுதான். வழக்கமான அதே குரல். திட்டியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

மறுநாள் அவர் ஒரு கையில் செட்டும் மறு கையில் அதன் பேட்டரியுமாக, நான் கேபிளையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு பின்னால் வர, பெரிய மேனேஜர் அறைக்குப் போனார். கேபிளைச் செருகி, பேட்டரியை மேஜையில் தனியாக வைத்துவிட்டு, செட்டின் திருகைத் திருப்பினார். பீப். பெரிய மேனேஜர் பேட்டரியைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லிஸ்ட் மறுபடி திறக்கப்பட்டது. ஸ்டெல்லா பர்மனென்ட் ஆனாள். பங்குனியில் அவள் மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கு ஒரு மெமோ. பொறுப்பு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. ஒன்பதாம் படியில், பார்த்தவர் முழுப் பெயர் எழுத வேண்டும் என்பது வந்தது. நிவேதா கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் ஸ்டெல்லா.

அவள் பழைய மேஜைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றி, அதன் மேல் ஸ்ட்ராப் கட்டியிருந்தாள். தோலில் படாமல் துணிக்கு மேல் கட்டினால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கோசரம் உன் பேர இப்டி கெடுத்துக்கினியேக்கா.”

“கெடுத்துக்கல ஸ்டெல்லா. நெசமாவே நான்தான் பண்ணேன்.” கேபிள், பஃபர், பூஜ்யம் எல்லாவற்றையும் விளக்கினேன். தட்டில் சாம்பாரால் கோடு போட்டுக் கூடக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“ஸ்ட்ராப்பு கட்டாதது நானு. செட்டு செத்தது நெசம். நடுவுல நீ எங்கக்கா வந்த?”

“நான் பாத்திருந்தா அந்த செட்டு வெளியவே போயிருக்காது.”

“அப்ப ஒண்ணு கூடவா என்னால இல்ல?”

அந்த மூன்று செட்டுகள் ஞாபகம் வந்தன. வேறு கால் எரிந்த மூன்று. அவை ஸ்டேட்டிக்கால் செத்தவையா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பொய் எழுதி மாட்டிக்கொண்டு ஒரு மாதம் கூட ஆகவில்லை, இனி தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது என்று மனசில் வைராக்கியம் வேறு. நான் தயங்கினேன். இரண்டு விநாடி இருக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்லக்கா,” என்றாள். எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தட்டைக் கழுவி வைத்தாள்.

பன்னிரண்டு வருஷம் அதற்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தோம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குத் தனியாக ஒரு தூக்கு பிரியாணி வரும். வாங்கும்போதெல்லாம் அவள் கேன்டீனில் கேட்ட கேள்வி ஞாபகம் வரும். சாப்பிடாமலும் இருந்ததில்லை, பிரியாணி அப்படி. அவளுக்கு நான் செய்தது துரோகமா, உதவியா? முதல் ரிப்போர்ட்டை நான் நம்பிப் படித்தேன், அவளும் நம்பினாள். இரண்டாவதை நான் திருத்திவிட்டேன், அவளுக்குள் இருப்பதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை. ஒரு வேளை அந்த மூன்றும் அவளால்தானோ என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்கும்போது, இந்தக் குரல் உண்மைக்காகப் பேசுகிறதா, என் பாரத்தைக் குறைக்கப் பேசுகிறதா என்று அதுவும் குழப்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பிரிவு உபசார விழா. சால்வை, குத்துவிளக்கு, மைக். ஸ்டெல்லா அதற்குள் சோல்டரிங் லைனுக்கே லீடர். எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

“நான் பண்ண தப்ப தன் தலைல போட்டுக்கினு என்னக் காப்பாத்துனவங்க இவங்க. எம் பையன் இன்னிக்கு உசுரோட காலேஜ் போறான்னா அதுக்கு இந்த அக்காதான் காரணம்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. நான் மைக்கை வாங்கி, அவள் சொன்னது தப்பு, அது என் தப்புதான், நான் பார்க்காமல் பூஜ்யம் எழுதினேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு அடக்கம் பார் என்று பின்வரிசையில் யாரோ சொன்னது மைக் வரை கேட்டது. முன்னை விடப் பலமாகக் கைதட்டினார்கள்.

விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

“இங்க பாரு. அன்னிக்கு கேன்டீன்ல கேட்டியே. ஒண்ணு கூட உன்னால இல்ல. ஒரு செட்டு கூட இல்ல. கேட்டுக்கினியா?”

இந்தத் தடவை ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. அந்த மூன்றைப் பற்றி ஒன்றும் தெரியாமலேதான் சொன்னேன்.

அவள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

“இத்த சொல்றதுக்கு பன்னெண்டு வருசம் ஆச்சாக்கா உனக்கு?” என்றாள். பிறகு, அழுகிற குழந்தையைத் தேற்றுகிற மாதிரி என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “உடுக்கா. அன்னிக்கு நீ யோசிச்சத நான் அப்பவே மன்னிச்சிட்டேன், ஸ்ட்ராப்பு கட்டாததுக்கு நீயும் என்ன மன்னிச்சிடு.”